சேர்ந்தும் சேராத அஞ்சல்

மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறிவிட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. அதுவரை அதை நடத்தியது டெல்லியிலுள்ள தேசிய தகவலியல் மையம். தளம் மாறினாலும் முகவரியின் கடைசியில் வரும் ‘ஜிஓவி டாட் இன்’ அப்படியே இருக்கிறது. சரி, புதிய சர்வரிலிருந்து கிளம்பும் கடிதத்தை ஜிமெயிலோ யாஹூவோ எதை வைத்து நம்பும்?

மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபியை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார். அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம். சரிபார்க்க அதில் வழியில்லை. மத்திய மின்னணுத் துறை 1986-ல் தொடங்கிய எர்நெட், ஐஐடிகளையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தையும் இணைத்த காலத்தில் வலையில் இருந்தவர்கள் ஆய்வாளர்கள். சரிபார்க்க வழியில்லாதது அன்று பெரிய குறையில்லை. ஸ்பேம் பெருகிய பிறகுதான் சோதனைகள் வந்தன.

கடிதத்தைப் பெறும் சர்வர் முதலில் பார்ப்பது, அனுப்பும் சர்வரின் ஐ.பி. எண்ணை. டெல்லியில் ஒரு சிறு அறக்கட்டளை வாடகைக்கு சர்வர் எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளை நிறுவி, சொந்தமாக அஞ்சல் நடத்த முனைகிறது என்று வையுங்கள். அந்த எண்ணை முன்பு வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் கெட்ட பெயரும் ஒட்டியே வரும். காலிசெய்து போனவர் வைத்த கடனுக்குப் புதுக் குடித்தனக்காரர் கதவைத் தட்டுவதுபோல. வீட்டு பிராட்பேண்ட் என்றால் இன்னும் சிரமம். நேரடியாக அஞ்சல் அனுப்பக்கூடாத எண்களுக்கென்றே ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் அதில் அடக்கம்.

எண்ணைவிட டொமைன் பெயர் நிலையானது. ‘இந்த சர்வர்கள் என் பெயரில் அனுப்பலாம்’ என்று டொமைன் உரிமையாளர் இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் அறிவிப்பது எஸ்பிஎஃப். ஒவ்வொரு கடிதத்திலும் இடும் டிஜிட்டல் கையொப்பம் டிகிம். இரண்டில் ஒன்றுகூட அனுப்புநரின் டொமைனோடு பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். கல்லூரியின் முன்னாள் மாணவர் முகவரிக்குப் போன கடிதம் இன்னொரு பெட்டிக்குத் திருப்பிவிடப்படும்போது எஸ்பிஎஃப் பெரும்பாலும் பொய்த்துப்போகும்; நடுவில் யாரும் கடிதத்தில் கை வைக்காதவரை டிகிம் தாங்கும். சிறு சர்வர் நடத்துபவரிடம் டிகிமை முதலில் ஒழுங்குசெய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஓர் அரசே தளம் மாறினாலும், பெயரில் சேர்ந்த நம்பிக்கையைக் கூடவே கொண்டுபோக இந்தப் பதிவுகள்தான் வழி.

2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது. நியாயமான விதி. என் மனத்தாங்கல் வேறு. நாளுக்கு இருபது கடிதம் அனுப்பும் அறக்கட்டளைக்கு நற்பெயர் சேர்வதே கடினம். அனுப்புநர்கள் தங்கள் நிலவரம் பார்க்க கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் கருவிகூட இவ்வளவு குறைந்த அளவுக்கு விவரம் காட்டாது. மறுப்பதானால் ஜிமெயில் போன்றவர்கள் 550 என்ற எண்ணோடு காரணம் சொல்லி அப்போதே திருப்பலாம். ஆனால் 250, அதாவது ஏற்றுக்கொண்டோம் என்று பதில் சொல்லிவிட்டு, கடிதத்தை ஸ்பேம் பெட்டியில் போடுகிறார்கள். அனுப்பியவர் கணக்கில் அது போய்ச்சேர்ந்த கடிதம். டிமார்க் அறிக்கைகள் சோதனையில் தேறியதா என்று சொல்லும்; எந்தப் பெட்டியில் விழுந்தது என்று சொல்லாது.

ஏற்றுக்கொண்ட கடிதங்கள் என்னவாயின என்பதை, மொத்தக் கணக்காகவாவது, சிறிய அனுப்புநருக்கும் பெரிய நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். இப்போதைக்கு, சிறு அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களிடம் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். அங்கே ‘ஸ்பேம் அல்ல’ என்று அழுத்தினால் அது வடிகட்டியின் கணக்கில் ஏறும்.