வன்னிக் கணக்கு – 9: எவ்வளவு எடுக்கிறாய்?

2026 ஜனவரி முதல் இலங்கையில் தனியார் துறைத் தொழிலாளி ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். கட்டுநாயக்கவுக்கும் அதுதான், கிளிநொச்சி அறிவியல்நகருக்கும் அதுதான். 2016இல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது அது 10,000 ரூபாய். 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000 என்று ஏறியது. ஏறிய ஒவ்வொரு தடவையும் நாடு முழுக்க ஒரே தொகையாகவே ஏறியது.

அரசாங்க உத்தியோகத்திலும் அப்படித்தான். 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ரூபாய்க்கு உயர்த்தி, அந்த உயர்வை 2027 ஜனவரிக்குள் கட்டம் கட்டமாகக் கொடுப்பதாகச் சொன்னது. இதனோடு சேரும் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800 ரூபாய். கொழும்புக் கோட்டையில் இருக்கும் எழுதுவினைஞருக்கும் துணுக்காயில் இருக்கும் எழுதுவினைஞருக்கும் அதே 17,800. இந்தியாவில் மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப் படி ஊருக்கு ஊர் மாறும்: சென்னையில் அடிப்படைச் சம்பளத்தின் 30 வீதம், திருச்சியில் 20, சிற்றூரில் 10. அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டொலரிலேயே நிற்க, பல மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் அதைவிட அதிகம் கொடுக்கச் சட்டம் போட்டிருக்கின்றன. அங்கெல்லாம் ஊரோ எல்லையோ தாண்டினால் சட்டம் சொல்லும் தொகையே மாறும். இங்கே வவுனியாவைத் தாண்டி ஈரப்பெரியகுளத்துக்கு அப்பால் போனாலும் சட்டம் சொல்லும் தொகை மாறுவதில்லை.

அப்படியானால் வன்னியிலிருந்து இரவு பஸ் ஏறும் பிள்ளைகள் எதைத் தேடிப் போகிறார்கள்? தங்கள் உழைப்பில் எத்தனை மணித்தியாலத்தை விற்கலாம் என்பதுதான் மேல் மாகாணத்தில் மாறுகிறது. அங்கே ஓவர்டைம் கூட, கம்பனி கூட, ஒன்றை விட்டால் இன்னொன்று உண்டு. அந்த மணித்தியாலங்களை விற்பதற்கு அங்கே குடியிருக்க வேண்டும். குடியிருக்கக் காசு வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கும் மிச்சத்தைப் பற்றியதே இந்த வாரக் கணக்கு.

வந்தவர்களின் கணக்கு

வன்னியின் பழைய கணக்கு இதற்கு நேர்மாறானது. ஆட்கள் இங்கே வந்தார்கள். யாழ்ப்பாணத்தின் சன நெருக்கடியையும் வேலையின்மையையும் குறைப்பதற்காக 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. வந்தவருக்கு இரணைமடுத் தண்ணீரும் காணியும்தான் சம்பளம். பிறகு விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்தார்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. மிளகாய்க் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினவர்களின் கதையை விசுவமடுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் சம்பளத்தையும் செலவையும் எடைபோட்டு வரவில்லை. உயிர் தப்பி வந்தார்கள். பலர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றார்கள். அவர்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் காணிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. கீழே நான் போடும் கணக்கில் ‘சொந்த வளவு’ என்று வரும் இடமெல்லாம் அவர்களுக்குப் பொருந்தாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் சந்தையைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாய் வந்தது, உள்ளூர் மிளகாயின் விலை விழுந்தது. அடுத்த வருடமே, 1978இல், அதே கொள்கையின் இன்னொரு பிள்ளையாகக் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. வன்னித் தோட்டத்துக் காசைக் குறைத்ததும் கட்டுநாயக்கவில் தையல் மெசினைக் கொண்டுவந்து வைத்ததும் ஒரே தீர்மானம். மிளகாய் நட்டவரின் பேத்திகள் அந்த மெசினில் போய் இருப்பதற்கு நடுவில் முப்பது வருடப் போர் வந்து நின்றது. 2009க்குப் பிறகு வழி திறந்ததும் ஆட்சேர்ப்புக்காரர் வன்னிக் கிராமங்களுக்கு வந்தார்கள்.

இரண்டு நிரல்

போருக்குப் பிறகு தொழிற்சாலையும் வன்னிக்கு வந்தது. அறிவியல்நகரில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வவுனியாவில் ஒமேகா லைன் இருக்கிறது. ஆகவே இன்று விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இரண்டு நிரல் போட்டுப் பார்க்க முடியும். கீழே வருவது எந்தக் கம்பனியின் சம்பளப் பட்டியலும் இல்லை. நான் போடும் மாதிரி. தொகைகளை அழித்துவிட்டு உங்கள் தொகைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுநாயக்க நிரல். அடிப்படை 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,400, கழியும். ஓவர்டைம், வரவுக் கொடுப்பனவு, இலக்குக் காசு எல்லாமாக 18,000 என்று வைப்போம். கையில் வருவது 45,600. போர்டிங்கில் இரண்டு மூன்று பேரோடு பங்கு போட்ட அறை, கரண்ட், தண்ணீர் சேர்த்து 8,000. சாப்பாடு 15,000. ஊருக்கு வந்துபோகும் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 3,000. போன், சவர்க்காரம், மருந்து என்று 4,000. செலவு 30,000; மிச்சம் 15,600.

அறிவியல்நகர் நிரல். அதே 30,000, அதே 2,400 கழிவு. ஓவர்டைமும் மற்றதும் பாதிதான், 9,000 என்று வைப்போம். கையில் 36,600. வீட்டுச் சமையலுக்குக் கொடுப்பது 12,000, போனும் சில்லறையும் 4,000. தொழிற்சாலை பஸ் ஏற்றி இறக்குகிறது. செலவு 16,000, மிச்சம் 20,600.

சம்பளத்தில் 9,000 ரூபாய் குறைந்த பிள்ளை மிச்சத்தில் 5,000 ரூபாய் முன்னுக்கு நிற்கிறாள். ஊரில் யாரும் மிச்சத்தைக் கேட்பதில்லை. “அங்க எவ்வளவு எடுக்கிறாய் பிள்ளை?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு 45,600 தான் பதில், 36,600 இல்லை.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: தொழிற்சாலை பஸ். அது வராத உள்கிராமத்துப் பிள்ளைக்கு இரண்டாவது நிரலே கிடையாது. கிளிநொச்சி டவுனில் அறை எடுத்தால் வாடகை, சாப்பாடு எல்லாம் அங்கேயும் ஏறும், ஓவர்டைம் மட்டும் ஏறாது. அவளுக்குக் கட்டுநாயக்க சரி. ஆகவே அவள் முதலில் விசாரிக்க வேண்டியது பஸ் எந்தச் சந்தி வரைக்கும் வருகிறது என்பதை.

இன்னும் இரண்டு செலவு சம்பளத் துண்டில் தெரியாது. பொங்கலுக்கு ஒரு நாள்தான் லீவு. கட்டுநாயக்கவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து திரும்ப ஒரு நாள் போதாது. கூட ஒரு நாள் நின்றால் அந்த மாத வரவுக் கொடுப்பனவில் கைவைப்பார்கள். பொங்கலுக்கு வந்துபோன செலவில் பஸ் டிக்கெட் பாதிதான். இரண்டாவது செலவு, இடர் வந்தால் என்ன நடக்கும் என்பது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது வர்த்தக வலயப் பிள்ளைகள் வீட்டுக்கும் போக முடியாமல், வேலையும் இல்லாமல் போர்டிங் அறைகளில் அகப்பட்டுக் கிடந்தார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் 69.8 வீதம் ஏறியிருந்தது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 12,500 ரூபாயில் நின்றது. 2024 வரை அசையவில்லை. அந்த நாட்களில் முற்றத்தில் முருங்கையும் கோடியில் கோழியும் உள்ள வீட்டுக்காரர் ஒருவாறு சமாளித்தார்கள். ஒவ்வொரு வேளையும் பார்சல் வாங்கியவர்களுக்கு ஒரு வேளை குறைந்தது.

குடும்பமாகப் போனால்

தனி ஆளுக்கு மாதக் கணக்குப் போதும். பெண்சாதி பிள்ளைகளோடு வத்தளைக்கோ வெள்ளவத்தைக்கோ போகிறவர் பத்து வருடக் கணக்குப் போட வேண்டும். வீட்டு வாடகையும் மாதக் கணக்கில் முன்கூட்டிக் கேட்கும் அட்வான்ஸும் எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாதது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் வருகின்றன. மாணவர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை தீர்மானிக்கிறது. முல்லைத்தீவில் இருந்து பரீட்சை எழுதினால் மருத்துவபீடம் கிடைத்திருக்கக்கூடிய புள்ளி, கொழும்பு மாவட்டத்தில் போதாமல் போகலாம். நல்ல டியூசன் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற தகப்பன், டியூசன் காசை மட்டும் செலவில் எழுதுகிறார். மாவட்டத்தை விட்டுக் கொடுத்ததை எழுதுவதில்லை. மூத்த பிள்ளைக்கு உயர்தரம் முடிந்த பிறகு போகிறதா, கடைசிப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வருமுன் போகிறதா என்று பார்த்து நாள் குறிப்பது, சம்பளத்தில் பத்தாயிரம் கூடக் கேட்பதைவிடப் பெரிய காரியம்.

அடுத்தது காணி. வன்னியில் கணிசமான காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி. ஊர்ப் பேச்சில் பெர்மிட் காணி. அனுமதி இல்லாமல் அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. திருத்தாமல் கைவிட்டால் பத்திரத்தை இரத்துச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. யாழ்ப்பாணத்தில் உறுதிக் காணி உள்ளவர் வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தக் காசை வெள்ளவத்தை வாடகைக்குக் கட்டலாம். பெர்மிட் காணிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் போகும்போது வாடகை வருமானம் ஒன்றும் கூடப் போகாது. காணியைப் பார்க்க ஒரு ஆளை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எதிர்த் திசையில் வருபவர்கள்

காலையில் பரந்தன் சந்தியில் நின்றால் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்களில் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். பின்னேரம் அதே பாதையால் திரும்பிப் போவார்கள். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அறுபது கிலோமீற்றருக்கு மேல். தினமும் மூன்று மணித்தியாலம் பஸ்ஸிலேயே போகும். அவர்களை ஊர் குறை சொல்வதுண்டு. அவர்களுடைய நிரலைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. இங்கே வந்து குடியிருந்தாலும் சம்பளம் ஒரு சதமும் கூடாது, அங்கேயே இருந்தாலும் குறையாது. யாழ்ப்பாணத்தில் சொந்த வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், வயதான தாய் தகப்பன். இங்கே வாடகை வீடு. பஸ் பிடிப்பதுதான் லாபம்.

நட்டம் வன்னிக்கு. கிளிநொச்சியில் உழைத்த காசு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் செலவாகிறது. பின்னேரம் பள்ளிக்கூடத்தில் நின்று விளையாட்டும் நாடகமும் பழக்க ஆள் இல்லை. கடைசி பஸ்ஸின் நேரம் பாடசாலையின் நேரமாகிவிடுகிறது. 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவு ஆய்வில் வறுமைக் கோட்டுக்குக் கீழே முல்லைத்தீவில் 44.5 வீதத்தினர், கொழும்பு மாவட்டத்தில் 2.3 வீதத்தினர். இந்த இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே கொடுப்பனவை வைத்துவிட்டு, உத்தியோகத்தர் முல்லைத்தீவில் வந்து குடியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 17,800 ஐக் கூட்டிக் கொடுப்பதை விட, மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் குடும்பத்தோடு இருக்கக்கூடிய விடுதி வீடுகளைக் கட்டிக் கொடுத்தால் அவர்களின் நிரல் மாறும்.

மிச்சம் யாருக்கு?

சென்ற வாரம் நெல்லைப் பார்த்தோம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத வயலுக்கு வருடத்தில் ஒரு தடவைதான், காலபோகம் வெட்டிய பிறகுதான், காசு வரும். லீசிங் கட்டுக்காசும் நுண்கடன் தவணையும் மாதம் மாதம், சில இடங்களில் கிழமைக்குக் கிழமை வரும். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது அந்த ஒரு தடவைக் காசும் குறைந்தது. பிள்ளையைக் கட்டுநாயக்கவுக்கு அனுப்பும் வீடுகளில் பலவற்றுக்குத் தேவைப்படுவது கூடுதல் சம்பளம் என்பதைவிடத் திகதி தவறாமல் வரும் சம்பளம். மிச்சம் 15,600 ஆக இருந்தாலும் அது பத்தாம் திகதி வர வேண்டும்.

இந்தத் தேவை உண்மையானது. ஆனால் அதை அறிவியல்நகர்ச் சம்பளமும் நிறைவேற்றும். அப்படி இருந்தும் தூரப் போகச் சில பிள்ளைகள் தாங்களே விரும்புகிறார்கள். வீட்டோடு இருந்து உழைத்தால் 20,600 மிச்சத்தில் அண்ணனின் லீசிங்கும் மாமியின் கலியாண வீட்டு மொய்யும் முதலில் போகும். தூர இருந்தால் மிச்சம் 15,600தான், என்றாலும் போர்டிங்கில் சீட்டுக் கட்டி, தன் பெயரில் ஒரு தொகை எடுத்து, தையல் கடையோ தோடோ தானே தீர்மானித்து வாங்கலாம். வாழ்க்கை முறை என்று நகரத்துப் பத்திரிகைகள் எழுதும்போது சினிமாவையும் கடற்கரையையும் நினைக்கின்றன. வன்னிப் பிள்ளைக்கு அதில் பெரிய பங்கு தன் காசு தன் கையில் இருப்பது. 5,000 ரூபாயை அதற்கு விலையாகக் கொடுக்க அவள் சம்மதித்தால், அவளைக் கணக்குத் தெரியாதவள் என்று சொல்லக்கூடாது. பிள்ளை ஊரிலேயே நிற்க வேண்டும் என்று விரும்பும் வீட்டார் அந்த மிச்சத்தில் அவளுடையது எவ்வளவு என்பதை முதல் சம்பளத்துக்கு முன்பே பேசி முடிப்பது நல்லது.

அடுத்த வாரம் அந்த லீசிங் கட்டுக்காசைப் பார்ப்போம். ஒரு உழவு இயந்திரம் தன் விலையைத் தானே உழைத்து முடிக்க எத்தனை போகம் ஆகும்?

(தொடரும்)