மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கமும் இன்றைய எஞ்சினும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின், குடாநாட்டில் கார் ஓடியது மண்ணெண்ணெயில். கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நெல்லியடிப் பக்கத்திலிருந்து மந்திகை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கும் அதுவே கதி.

அந்த எஞ்சின்கள் தாக்குப்பிடிக்கக் காரணம் உண்டு. 1950களின் ஒஸ்ரின் ஏ40 எஞ்சினில் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1தான். மட்டமான எரிபொருளையும் அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும். ஒயில் நீர்த்தால் பெயரிங் தேயும். எனவே எஞ்சினை அடிக்கடி பிரிக்க வேண்டியிருந்தது. புதுக் காஸ்கெட் இல்லாவிட்டால் பழையதைத்தான் துடைத்துப் போடவேண்டும்.

செம்பும் அஸ்பெஸ்ரசும் சேர்ந்த அந்தக் காஸ்கெட், ஹெட்டைப் பூட்டி எஞ்சின் ஒருமுறை சூடானதும் அமுங்கும். அமுங்கினால் நட்டின் பிடி தளரும். ஆகவே சில நாள் ஓடியபின் மீண்டும் இறுக்குவது கட்டாயம். இறுக்கினால் வால்வ் இடைவெளி மாறும், அதையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். பழைய காஸ்கெட்டை உலரவைத்துச் சுரண்டக்கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நனைத்துச் சுரண்டுங்கள்.

இந்தப் பழக்கம் கைமாறிக் கைமாறி இன்றைய ஜப்பான் கார்களுக்கும் வந்திருப்பதுதான் சிக்கல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வரியோ கழுத்தை நெரிக்கிறது. இருக்கிற காரின் எஞ்சினைத் திருத்தி ஓட்டுவதே பலருக்கு வழி.

இப்போதைய எஞ்சின்கள் பலவற்றில் காஸ்கெட் பல அடுக்கு உருக்குத் தகடு. அது பழையதைப்போல அமுங்காது. ஹெட் போல்ட்டும் வேறு இனம்: முதலில் குறித்த விசைக்கு இறுக்கி, பிறகு 90 பாகை, இன்னொரு 90 பாகை என்று திருப்புவார்கள். போல்ட் ரப்பர்போல இழுபட்டு நிற்கும். 'எதுக்கும் இன்னொருக்கா இறுக்கிவிடுவம்' என்று பிறகு கைவைத்தால் அது அளவு மீறி நீளும், அறுந்தும் போகும். இழுபட்ட போல்ட்டை மறுபடி பாவிக்கலாமா என்பதைத் தயாரிப்பாளரின் கைநூல்தான் சொல்லவேண்டும். சிலவற்றுக்கு நீள அளவு தந்திருப்பார்கள், சிலவற்றை வீசத்தான் வேண்டும்.

இரண்டு காலத்துக்கும் பொதுவானவை உண்டு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக இறுக்கவேண்டும். ரோர்க் ரென்ச்சில் நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும், மிச்சம்தான் போல்ட்டை இழுக்கும். துருப்பிடித்த மரையில் ரென்ச் 'டிக்' என்றாலும் போல்ட் இறுகியிருக்காது. போல்ட் குழிக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இறுக்கும்போது புளொக் வெடிக்கும்.

சிலிக்கன் பசை விடயத்தில் எங்கள் ஆட்களுக்குக் கை தாராளம். ஒயில் சம்புக்கு மெல்லிய ஒரு கோடு போதும். கூடினால் உள்ளே பிதுங்கி, உடைந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். வெளியே ஒரு துளி கசிவும் தெரியாது, உள்ளே பெயரிங் எரியும்.

எஞ்சினை இறக்கமுன் மெக்கானிக்கிடம் மூன்றைக் கேளுங்கள்: இந்த எஞ்சினுக்கான இறுக்க அளவு கையில் இருக்கிறதா, ஹெட் போல்ட் புதியதா, காஸ்கெட் எந்த வகை. எஞ்சின் இலக்கத்தைச் சொன்னால் அளவை இணையத்தில் தேடி எடுக்கலாம்.