இன்னொரு பொல்லார்ட்

பொல்லார்ட் என்றதும் கிரிக்கெட் ரசிகர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் கீரன் பொல்லார்டை நினைக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது 1894-இல் சிகாகோவில் பிறந்த ஃபிரிட்ஸ் பொல்லார்ட் என்ற கறுப்பின வீரரைப் பற்றி.

அமெரிக்கர்களின் ஃபுட்பால் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணியினர் பாய்ந்து பிடித்துத் தரையில் வீழ்த்துவார்கள். பொல்லார்டின் எடை சுமார் 75 கிலோதான். ஆனால் வேகமும் வளைந்து நெளிந்து ஓடும் சாமர்த்தியமும் உண்டு. பிரவுன் பல்கலைக்கழக அணிக்காக ஆடி, 1916-இல் ரோஸ் பௌல் ஆட்டத்தில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரரானார்.

பிறகு ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் அணியில் சம்பளத்துக்கு ஆடினார். 1920-இல் தொழில்முறை அணிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. இன்றைய என்.எஃப்.எல். அதுதான். முதல் ஆண்டுப் பட்டத்தை ஒரு தோல்விகூட இல்லாமல் ஆக்ரன் வென்றது. மறு ஆண்டு பொல்லார்ட் ஆடிக்கொண்டே பயிற்சியாளர் பொறுப்பையும் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அந்த ஊரில் அவர் உடை மாற்றியது அணி உரிமையாளரின் சுருட்டுத் தொழிற்சாலையில்! அங்கிருந்து காரில் மைதானத்துக்கு அழைத்துப் போவார்கள். ஆட்டத்தில் கீழே விழுந்தால், வேண்டுமென்றே மேலே வந்து விழ ஆள் இருந்தது. அதனால் விழுந்த மாத்திரத்தில் மல்லாந்து, கால்களை மேலே உதைத்தபடி கிடப்பார். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை, அவருக்கோ உயிர்க்காப்பு.

எனக்கு மனம் ஆறாத இடம் இதற்குப் பிறகுதான். 1926-உடன் என்.எஃப்.எல்.-இல் அவர் ஆட்டம் முடிந்தது. 1934 முதல் 1945 வரை அங்கே ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடவில்லை. எழுதி வைத்த விதி ஏதுமில்லை. கதவு மட்டும் சாத்தியே இருந்தது. பொல்லார்ட் சும்மா இருக்கவில்லை. முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட அணிகளைத் திரட்டி நடத்தினார். நியூயார்க்கில் பத்திரிகையும் நடத்தினார். அவர் மகன் 1936 பெர்லின் ஒலிம்பிக் தடை ஓட்டத்தில் வெண்கலம் வென்றார்.

பொல்லார்ட் 1986-இல் காலமானார். அவருக்குப் பின் என்.எஃப்.எல்.-இல் ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளரானது 1989-இல்தான். அவர் ஆர்ட் ஷெல். பொல்லார்டின் பெயர் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் ஏறியதோ 2005-இல்.