சம்பளத்தோடு சேர்ந்து வரும் ஈயம்!

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை, பேட்டரி தயாரிக்கும் கம்பெனி, பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலை... இதில் ஏதாவது ஒன்றில் உங்கள் கணவரோ மகனோ இருக்கிறாரா? அப்படியானால் இதை அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் எல்லாம் வெள்ளீயம். அது வேறு. நாம் பேசுவது பேட்டரிக்குள் இருக்கும் காரீயம்.

உருக்கும்போது எழும் புகையிலும், தகட்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியிலும் இருந்து அது மூச்சோடு உள்ளே போகிறது. கை கழுவாமல் டீ, வடை, பீடி என்று ஒரு ரவுண்டு போனால் வயிற்று வழியாகவும்தான். ரத்தத்தில் கலந்த ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். 'அப்பாடா' என்று நினைத்துவிடாதீர்கள்! கழிந்தது போக மிச்சம், எலும்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைச் சேர்த்து வைக்கும். அங்கே 10, 20 வருஷம்கூட இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். வேலையை விட்ட பிறகும்!

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டிய பிறகு, உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கென்றே நுண்ணிய குழாய்களை வைத்திருக்கிறது. ஈயம் முதலில் கை வைப்பது அந்தக் குழாய்களில்தான். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் சுற்றிலும் தழும்பு விழுந்து, சிறுநீரகமே சுருங்கிப் போகும். இதில் கஷ்டம் என்னவென்றால், வலிக்காது. ஆரம்பத்தில் கால் வீங்காது. யூரினில் புரோட்டீனும் அதிகம் போகாது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருப்பது தெரிய வரும்போது, சிறுநீரகத்தின் திறனில் பாதி போயிருக்கக்கூடும்.

துப்பு கிடைக்காமல் இல்லை. பி.பி. ஏறும். யூரிக் அமிலம் சரியாக வெளியேறாமல் கால் கட்டைவிரல் வீங்கித் தெறிக்கும். மலச்சிக்கலோடு வயிற்றைப் பிசைகிற வலி, ரத்தசோகை வரும். பி.பி.க்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று அலைவார்கள். 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று எல்லா டாக்டரும் கேட்பதில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

சின்ன வயசில் உள்ளே போன ஈயம்கூட பின்னால் வேலையைக் காட்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், வீட்டு வராண்டாக்களின் ஈயப் பெயின்ட் தூள் குழந்தைகளின் வாய்க்குள் போவதை 1904-ல் ஒரு கண் டாக்டர் எடுத்துச் சொன்னார். அந்தக் குழந்தைகளில் பலர் பெரியவர்களான பிறகு சிறுநீரகம் கெட்டு இறந்தது 1950-களில் வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, என்ன செய்வது? வேலைக்குப் போகிறவருக்கு ரத்தத்தில் ஈய அளவு, கிரியாட்டினின், பி.பி. மூன்றையும் விடாமல் பார்த்து வர வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2021). அதிகம் ஏறியிருந்தால் முதல் வைத்தியம், அந்த இடத்தை விட்டு விலகி இருப்பது. ஈயத்தைப் பிடித்து யூரினில் வெளியேற்றும் மருந்துகள் உண்டு. ஆனால் மருந்தைப் போட்டுக்கொண்டே மறுபடி புகையில் நிற்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்! சில பட்டறைகளில் வெல்லம் கொடுப்பார்கள். சாப்பிடட்டும், தப்பில்லை. ஆனால் அது ஈயத்தை வெளியேற்றாது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தவர்களுக்கு ஈயம் அதிகமாக ஏறும் என்பதால் கீரை, கேழ்வரகு, பால் நல்லது. அதுவும் முகமூடிக்கும் புகை உறிஞ்சும் மெஷினுக்கும் ஈடாகாது.

அவர் வேலைச் சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறாரா? உடனே நிறுத்துங்கள். வாய் வழியாகப் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கு போல இழுத்தால், குழந்தை உடம்பு பாதி வரைக்கும் இழுத்துக்கொள்ளும். பட்டறையிலேயே குளித்து, சட்டை மாற்றி வருவது உத்தமம். முடியாவிட்டால் செருப்பு வாசலுக்கு வெளியே, சட்டை தனி வாளியில். உதறாமல் நனைத்து, மற்ற துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். வீட்டைப் பெருக்கினால் தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள்.