பழைய காரில் பேத்தியின் சீட்

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம், மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து கைக்குழந்தைக்கான கார் சீட் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். எங்களுடையதோ 2006-ல் வாங்கிய கார். சீட்டைப் பார்த்ததும் என் மாமியார், "பச்சைப் புள்ளையைப் போய் கட்டிப் போடுவாங்களா? மடியில வச்சுக்கிட்டா ஆச்சு. நாலு பிள்ளைகளை நான் அப்படித்தானே வளர்த்தேன்" என்றார். உள்ளூர எனக்கும் அதே எண்ணம்தான்.

"பாட்டி, அம்பது கிலோமீட்டர் வேகத்துல போற கார் எதுலயாவது மோதி, ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரத்துல நின்னா, அஞ்சு கிலோ குழந்தை எழுபது கிலோ கனம் கனக்கும். உங்களால பிடிக்க முடியுமா?" என்று கேட்டாள் மகள். அவள் பிஸிக்ஸ் படித்தவள்! மாமியார் வாயைத் திறக்கவில்லை.

என் கணவர், "நடுவுலதான் பத்திரம்" என்று பின் சீட்டின் நடுவே அதை வைத்து, அங்கிருந்த இடுப்பு பெல்டால் கட்டினார். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். துவாக்குடி தாண்டியதும் ஒரு ஆடு குறுக்கே ஓட, இவர் பிரேக் போட்டார். அவ்வளவுதான், குழந்தையோடு சீட் அப்படியே முன்பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த மகள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

வீடு திரும்பியதும், பெட்டியோடு பரணில் போட்டிருந்த புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தோம். இந்த சீட்டுக்கு இடுப்பு பெல்ட் கூடாது, தோளையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட்தான் வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தது. புதுக் கார்களில் சீட்டை நேரடியாக மாட்ட இரும்பு வளையங்கள் இருக்கும். எங்கள் காரில் அது கிடையாது. ஆனால் பின் சீட்டின் இரு ஓரங்களிலும் மூன்று முனை பெல்ட் உண்டு. உண்டு என்றுதான் பேர்! நாங்கள் ஆசையாகத் தைத்துப் போட்ட ரெக்ஸின் உறைக்கு அடியில் பக்கிள் இரண்டும் பத்து வருஷமாகப் புதைந்து கிடந்தன. உறையையே கழற்றி எறிந்தோம். வழுக்கும் உறை மேல் சீட் நிற்காது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பெல்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். இடப்பக்க பெல்ட் பூட்டிக்கொண்டது. வலப்பக்கம் சும்மா வந்துகொண்டே இருந்தது; அதை மெக்கானிக்கிடம் சொல்லிப் புதிதாக மாற்றினோம்.

குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி சீட்டை வைத்து, நீல நிற அடையாளம் உள்ள வழிகளில் பெல்டை நுழைத்தோம். இவர் சீட்டின் மேல் முழங்காலை வைத்து அழுத்த, நான் பெல்டை இழுத்து இறுக்கினேன். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோள் வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது. துண்டையோ கம்பளியையோ சுற்றி, அதற்கு மேல் வாரைப் போடாதீர்கள். வாரைப் போட்டபின் மேலே போர்த்துங்கள். பழைய கார்களில் பெல்ட் நீளம் போதாமலும் போகலாம். அதனால் சீட் வாங்குமுன் காரில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

என் நாத்தனார் வீட்டுப் புதுக் காரில் முன் சீட்டில் ஏர்பேக் இருக்கிறது. அங்கே பின்நோக்கிய குழந்தை சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையின் தலைக்கு எமன்.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டாம். இதைச் சொன்னதும்தான் என் கணவருக்கு முழு அக்கறை வந்தது!

பக்கத்து வீட்டம்மா, "எங்க அண்ணன் வீட்டுல பழைய சீட் சும்மா கிடக்கு, வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். விபத்தில் சிக்கிய சீட்டா, பின்னால் பொறித்திருக்கும் காலாவதித் தேதி முடிந்துவிட்டதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி