திருகோணமலைக்குத் திரும்பாத நீர்மூழ்கி

1944 பிப்ரவரி 25 அன்று, எச்.எம்.எஸ். ஸ்டோன்ஹெஞ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தைவிட்டுக் கிழக்கே புறப்பட்டது. மலாக்கா நீரிணையின் வடபகுதியிலும் நிக்கோபார் தீவுகளையொட்டியும் ரோந்து போய் வர உத்தரவு. கப்பலின் தலைவர் லெப்டினன்ட் டேவிட் வெர்ஸ்கோயில்-கேம்பெல். அவருக்குக் கீழே ஐம்பது பேர் அளவில் ஆட்கள். மார்ச் 20 வந்தது. கப்பல் வரவில்லை. கெடு தாண்டிவிட்டதாகக் குறித்துக்கொண்டார்கள். அதன் கடைசிப் பயணத்தைப் பற்றி ஆவணங்கள் சொல்வது இவ்வளவுதான். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட 24 நாட்களில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல ஒருவர்கூட மிஞ்சவில்லை.

வென்ற கப்பல்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பெரிய கப்பல்களின் முடிவைப் பற்றியும் அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. ஒன்பதே மாதம் கடற்படைப் பணியில் இருந்துவிட்டு, தடயமில்லாமல் போன ஒரு சிறிய கப்பலுக்கு அந்த அலமாரியில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்தி. அந்த ஒரு பத்தி போதாது என்பது என் கருத்து. அது போன கடல் நமக்கு அந்நியமான கடல் அல்ல என்பதும் ஒரு காரணம்.

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் லிவர்பூலுக்கு எதிரே பர்க்கன்ஹெட் என்ற ஊர். அங்கே கேமல் லேர்ட் கப்பல் கட்டும் தளத்தில் 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அடிக்கட்டை போட்டார்கள். அதே நாட்களில்தான் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தேடி வந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பின்மேல் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அங்கே சீனக்குடாவில் ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தொட்டியின்மேல் விழுந்து, தொட்டி நாள்கணக்கில் எரிந்தது. தப்பிப்பதற்காகத் துறைமுகத்தைவிட்டு வெளியே போன விமானந்தாங்கி ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் கிழக்குப் படை இந்தக் கடலைவிட்டு ஆப்பிரிக்கக் கரைக்கு ஒதுங்கியது. ஸ்டோன்ஹெஞ்சின் எலும்புக்கூடு எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அது பின்னாளில் வந்து சேர வேண்டிய துறைமுகம் இந்த நிலையில் இருந்தது.

பர்க்கன்ஹெட் தொழிலாளிகளுக்கு நீர்மூழ்கியின் ஆபத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே தளத்தில் கட்டிய தீட்டிஸ் என்ற நீர்மூழ்கி, 1939 ஜூன் 1 அன்று வெள்ளோட்டத்தின்போதே லிவர்பூல் குடாவில் மூழ்கியது. உள்ளே இருந்தவர்களில் 99 பேர் இறந்தார்கள். நால்வர் மட்டும் பிழைத்தார்கள். இறந்தவர்களில் அந்தத் தளத்தின் ஆட்களும் உண்டு. கப்பலை மேலே தூக்கி, பழுது பார்த்து, தண்டர்போல்ட் என்று வேறு பெயர் வைத்துப் போருக்கு அனுப்பினார்கள். 1943 மார்ச்சில் அதுவும் மத்தியதரைக் கடலில் போயிற்று. அதே மாதம் 23-ஆம் தேதி ஸ்டோன்ஹெஞ் தண்ணீரில் இறங்கியது. ஜூனில் கடற்படையில் சேர்ந்தது.

அது எஸ் வகை நீர்மூழ்கி. அந்த வகையின் பெயர்கள் எல்லாம் அந்த எழுத்தில்தான் தொடங்கும். போர் நடுவில் கட்டியவற்றுக்கு வெறும் எண்தான் வைத்திருந்தார்கள். எண்ணுள்ள கப்பலில் சாவதற்கு ஆட்களை அனுப்பக் கூடாது, பெயர் வையுங்கள் என்று சர்ச்சில் பிடிவாதம் பிடித்தார். அப்படித்தான் பி 232 என்ற எண், சாலிஸ்பரி சமவெளியில் நிற்கும் கற்கால வட்டத்தின் பெயரைப் பெற்றது.

நீளம் 66 மீட்டர். அகலம் ஏழு மீட்டர் சொச்சம்; அதிலும் ஆட்கள் புழங்கும் உள்கூடு இன்னும் குறுகல். முகப்பில் ஆறு டார்பிடோ குழாய்கள், மேல்தளத்தில் ஒரு பீரங்கி. மேலே ஓட டீசல் எஞ்சின், நீருக்குள் ஓட பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் மேலே வந்தாக வேண்டும். ஆகவே பகல் முழுதும் அடியில். இருட்டியபின் மேலே வந்து, எஞ்சினை ஓட்டிப் பேட்டரியை ஏற்றிக்கொண்டு, விடியுமுன் மறுபடி முங்க வேண்டும். சூடான சாப்பாடு, சிகரெட், நல்ல காற்று எல்லாம் இரவில்தான். இரவும் பகலும் இடம் மாறிய வாழ்க்கை அது.

வட கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் என்று யோசித்து வரைந்த கப்பல் இது. வங்கக் கடலின் வெதுவெதுப்பான நீரில் முங்கினால் உள்ளே வெக்கை ஏறும், இறங்காது. எஞ்சின் சூடு, பேட்டரிச் சூடு, ஐம்பது உடம்புகளின் சூடு. இரும்புச் சுவரில் நீர் கோத்து வழியும். டீசல் வாடையும் வியர்வை வாடையும் துணியிலும் சோற்றிலும் ஏறும். குடிநீரை அளந்துதான் செலவழிக்க வேண்டும். குளியல் என்பது ஊர் திரும்பியபின். இடுப்பில் ஒரு துணியோடு மட்டும் வேலை பார்ப்பார்கள், உடம்பெங்கும் வேர்க்குரு. பகலில் காற்று கெட்டுக்கொண்டே வரும்போது தலை வலிக்கும், மூச்சு வாங்கும். இதில் ஒருவர் பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்து, தூரத்தையும் வேகத்தையும் மனக்கணக்காய்ப் போட்டுச் சொல்ல, மற்றவர்கள் ஒன்றையும் பார்க்காமலே அவரை நம்பி வேலை செய்ய வேண்டும்.

எதற்காக இந்தக் கஷ்டம்? பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு அரிசியும் ஆயுதமும் ஆளும் கடல்வழியே போக வேண்டுமானால், சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, அங்கிருந்து ரங்கூன். அந்த வழியை அறுப்பதுதான் திருகோணமலையில் அடாமன்ட் என்ற தாய்க்கப்பலைச் சுற்றிக் கிடந்த நீர்மூழ்கிகளின் வேலை. கடல்வழி இப்படி ஆபத்தானது என்பதால்தான் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் அது முடிந்தது. அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. சயாம் மரண ரயிலைப் பற்றிப் பேசும்போது நாம் தண்டவாளத்தைப் பார்க்கிறோம். அந்தத் தண்டவாளம் ஏன் வந்தது என்று தேடிப் போனால் இந்தக் கடலுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

மறுபக்கமும் நம்மவர்கள் இருந்தார்கள். 1943 மே மாதம் நேதாஜி ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து இறங்கிய சாபாங், சுமத்ராவின் வடமுனையில், ஸ்டோன்ஹெஞ் ரோந்து போன அதே கடல் ஓரத்தில் இருக்கிறது. அவருடைய படையில் சேர்ந்த மலாயாத் தமிழர்கள் எத்தனையோ பேர். ஸ்டோன்ஹெஞ் கடலில் இருந்த 1944 மார்ச்சில்தான் இம்பால்மேல் படையெடுப்பு தொடங்கியது. அந்தப் படைக்குப் போன பொருளைத் தடுப்பதும் இந்தக் கப்பலின் வேலைக்குள் அடக்கம். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி பேசும் கடாரமும் மாநக்கவாரமும் (நிக்கோபார்) இதே நீரின் இரு கரைகள். இங்கே யார் மூழ்கினாலும், ஏதோ தொலைதூரச் செய்தியாக அதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

கிழக்கில் இருந்த குறுகிய காலத்தில் ஸ்டோன்ஹெஞ் இரண்டு ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தது. ஒன்று கோர்யோ மாரு 2 என்ற சரக்குக் கப்பல். மற்றது சோக்கோ மாரு. கண்ணிவெடி பரப்புவதற்காகக் கடற்படை எடுத்துக்கொண்ட சிறு கப்பல். அவற்றிலும் மாலுமிகள் இருந்தார்கள், அவர்களுக்கும் வீடு இருந்தது. சாதனைப் பட்டியலில் இவை பெரிய எண்கள் அல்ல. அதே பருவத்தில் டாலி-ஹோ என்ற நீர்மூழ்கி பினாங்குக்கு அப்பால் கூமா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலையே வீழ்த்தியிருந்தது. அது 1944 ஜனவரி 11. பிரிட்டனில் பெயர் பெற்ற வெற்றி அது.

அந்த டாலி-ஹோவுக்கே பிப்ரவரி 24 இரவில் நடந்ததைப் பார்த்தால் இந்தக் கடலின் குணம் புரியும். நீர்மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த அதை ஒரு ஜப்பானிய டார்பிடோ படகு நெருங்கி வந்து உரசியது. படகின் விசிறி, நீர்மூழ்கியின் இடப்பக்கத் தொட்டிகளை வரிசையாகக் கிழித்துவிட்டது. ஒருபக்கம் சாய்ந்தபடியே அதன் தலைவர் பென்னிங்டன் கப்பலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கிழிசல் இன்னும் சில அங்குலம் உள்ளே போயிருந்தால் டாலி-ஹோவும் காணாமல் போன கப்பல்தான். கூமாவை வீழ்த்திய கதையோடு சேர்த்து அதன் முடிவும் மர்மமாகியிருக்கும். மறுநாள் ஸ்டோன்ஹெஞ் புறப்பட்டது. ஒன்று காயத்தோடு மேற்கே வர, மற்றது கிழக்கே போயிற்று. திறமையில் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நீர்மூழ்கி கடலில் இருக்கும்வரை வானொலியில் பேசாது. பேசினால் எதிரி திசையைப் பிடித்துவிடுவான். ஆகவே, மௌனம் என்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். தாய்க்கப்பலில் காத்திருப்பவர்கள் முதலில் மௌனத்தைப் பொருட்படுத்துவதில்லை. திரும்பும் நாள் நெருங்கும்போதுதான் மனம் கலங்கத் தொடங்கும். பழுதாகி மெல்ல வருகிறதோ, வானொலி கெட்டுவிட்டதோ என்று ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போடுவார்கள். ரோந்து முடித்து வரும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள், மூழ்கடித்த கப்பல்களைக் குறித்த மண்டையோட்டுக் கறுப்புக் கொடியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைவது வழக்கம். தாய்க்கப்பலின் ஓரத்தில் நின்று ஆரவாரம் செய்வார்கள். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால், அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் அடுத்த வாரம் தன் பயணம் இருக்கிறது.

ஸ்டோன்ஹெஞ்சை எது மூழ்கடித்தது என்பது தெரியவில்லை. போர் முடிந்தபின் ஜப்பானியப் பதிவுகளைப் புரட்டியும் அதற்கு விடை கிடைக்கவில்லை. சரணடைந்த நாட்களில் ஜப்பானியர்கள் எரித்த காகிதங்கள் ஏராளம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணிவெடியில் மோதியிருக்கலாம். அப்படியென்றால் எதிரிக்கே தெரியாமல் நடந்திருக்கும். விமானம் எறிந்த குண்டு விழுந்து, கீழே என்ன ஆயிற்று என்று பார்க்காமல் விமானம் போயிருக்கலாம். எதிரியே இல்லாமல், முங்கும்போது ஒரு வால்வு சரியாக மூடாமல் போயிருக்கலாம். தீட்டிஸுக்கு நேர்ந்ததும் டார்பிடோ குழாயின் வாய் திறந்திருந்த விபத்துதான். எதிரியின் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாததைப் பார்த்தால், கண்ணிவெடியோ விபத்தோதான் எனக்குக் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. அதற்குமேல் ஒரு சொல் சொன்னாலும் அது கற்பனை. இந்த மனிதர்களின் சாவை இட்டுக்கட்டி நிரப்பக் கூடாது.

சாட்சி இருந்தால் என்ன வேறுபாடு என்பதை இதன் சகோதரக் கப்பல் ஒன்று காட்டுகிறது. ஸ்ட்ராட்டஜெம் என்ற எஸ் வகை நீர்மூழ்கியும் 1944 நவம்பரில் திருகோணமலையிலிருந்தே புறப்பட்டது. மலாக்காவுக்கு அருகே ஒரு ஜப்பானியச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 22 அன்று, நீர்மூழ்கிகளை வேட்டையாடும் ஜப்பானியப் படகு ஒன்று அதைக் கண்டுபிடித்து நீரடிக் குண்டுகளை வீசியது. ஆழம் குறைந்த கடல். கப்பல் தரையில் போய் மோதியது, விளக்குகள் அணைந்தன, தண்ணீர் ஏறியது. முன்பகுதியில் இருந்தவர்களில் பத்துப் பேர் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு, கப்பலின் வாயைத் திறந்து மேலே வந்தார்கள். எட்டுப் பேரை ஜப்பானியர்கள் பிடித்தார்கள். போருக்குப்பின் உயிரோடு ஊர் திரும்பியவர்கள் மூவர். அவர்கள் சொன்னதால்தான் உள்ளே இருட்டில் என்ன நடந்தது என்பது மற்றக் குடும்பங்களுக்குத் தெரிந்தது. கேட்கச் சகிக்காத செய்திதான். ஆனாலும் அழுவதற்கு அது ஒரு நாளையும் ஓர் இடத்தையும் கொடுத்தது.

1945 ஜனவரியில் போர்பஸ் என்ற நீர்மூழ்கி பினாங்குக்கு அப்பால் கண்ணிவெடி போடப் போய் மீளவில்லை. போரில் பிரிட்டன் கடைசியாக இழந்த நீர்மூழ்கி அது. ஜப்பானுக்கு எதிரான போரில் பிரிட்டன் இழந்த நீர்மூழ்கிகள் இந்த மூன்றுதான். உலகம் முழுதும் அந்தப் போரில் இழந்தது 70-க்கும் மேல். அவற்றில் பல, ஸ்டோன்ஹெஞ்சைப் போலவே ஒரு சொல்லும் சொல்லாமல் போனவை.

ஸ்டோன்ஹெஞ் ஆட்களின் குடும்பங்களுக்கு முதலில் வந்தது, காணவில்லை என்ற தந்தி. நீர்மூழ்கி விஷயத்தில் காணவில்லை என்பதற்கு என்ன பொருள் என்பது கடற்படை ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சிறைப்பட்டிருக்கலாம் என்ற ஒரு நூலிழை இருந்தது. ஜப்பானிடம் சிக்கியவர்களின் பெயர்கள் ஒழுங்காக வெளிவருவதில்லை. எனவே நம்புவதற்கும் இடம் இருந்தது. 1945 ஆகஸ்டில் சிங்கப்பூர், சுமத்ரா, சயாம் சிறைமுகாம்கள் திறந்தபோது அந்த நூலும் அறுந்தது.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் வழியில், உப்புவெளிப் பக்கம் போர்க்கால பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கும், பராமரிப்பும் நன்றாக இருக்கும். ஸ்டோன்ஹெஞ் ஆட்களுக்கு அங்கே கல்லறை கிடையாது. புதைக்க உடல் இல்லையே. கடலே கல்லறையான பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்கள் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் என்ற மூன்று ஊர்களின் நினைவுத் தூண்களைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எந்தத் துறைமுகத்தின் பேரில் ஒருவர் கடற்படையில் சேர்ந்தாரோ, அந்த ஊரில்தான் அவர் பெயர் இருக்கும். பெயர்களை ஆண்டு வாரியாகவும் பதவி வாரியாகவும் அடுக்கியிருக்கிறார்கள். கப்பல் வாரியாக அல்ல. ஆகவே இந்தக் கப்பலின் ஆட்களை ஒன்றாகப் பார்க்க விரும்புகிறவர், முதலில் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், 1944 என்ற ஆண்டின் கீழே ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.