காட்டு கேரட்: உணவா? நஞ்சா?

கேரட் சாப்பிடாதவர் நம் ஹாஸ்டலில் யாருமில்லை. சாம்பாரில் மிதக்குமே நாலு துண்டு, அதைத்தான் சொல்கிறேன்! லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேரட் நறுக்கிக்கொண்டே, "இது மொதல்ல காட்டுல மொளச்சதாடா?" என்று கேட்டாங்க. எங்க குடும்பத்துல முதல்ல படிக்க வந்தவன் நான். தெரியாதுன்னு சொல்ல வெட்கமாகிவிட்டது. நூலகத்தில் தேடினேன்.

காட்டில்தான் முளைத்தது. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் சாலையோரங்களில் காட்டு கேரட் இன்றும் தானாக வளர்கிறது. வெள்ளைக்காரர்களோடு அமெரிக்கா போய் அங்கேயும் பரவிவிட்டது. ஆயுள் இரண்டு வருடம். முதல் வருடம் இலையும் வேரும் மட்டும்தான். வேர் வெள்ளையாக, ஒல்லியாக இருக்கும். ஆனால் நம்ம கேரட் வாசனை அடிக்கும். இளசாகத் தோண்டி வேகவைத்தால் சாப்பிடலாம். மறுவருடம் பூத்துவிட்டால் வேர் கட்டையாகிவிடும். பூங்கொத்து வெள்ளைக் குடை மாதிரி. பல செடிகளில் நட்டநடுவில் ஒரே ஒரு கருஞ்சிவப்புப் பூ! காய்க்கும்போது குடை உள்ளே சுருங்கிக் குருவிக்கூடு போலாகும். விதையை வாசனைக்காகக் குழம்பில் போடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஆகாது. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாமே இந்தச் செடியின் குடும்பம்தான். அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் பாதி இதன் சொந்தக்காரர்கள்!

ஆனால் அதே குடும்பத்தில் ஒரு கொலைகாரனும் உண்டு. பெயர் ஹெம்லாக். கி.மு. 399-இல் சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட நஞ்சு இதுதான் என்கிறார்கள். அதே மாதிரி இலை, அதே வெள்ளைக் குடை. தின்றால் மூச்சுவிடும் தசைகள் செயலிழந்து உயிர் போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காட்டு கேரட்டின் தண்டில் ரோமம் இருக்கும். ஹெம்லாக் தண்டு வழுவழுவென்று, ஊதாப் புள்ளிகளோடு இருக்கும். கசக்கினால் எலி நாற்றம். ஒர்க்ஷாப்பில் கேஜ் வைத்துப் பார்க்கிறோமே, அதுபோல ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் தொடக்கூடாது. இங்கே ஜாப் ரிஜெக்ட் ஆனால் வேறு போடலாம், அங்கே முடியாது.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "மோந்து பாக்காம நாங்க கீரையே பறிக்க மாட்டோமே" என்று சிரிச்சாங்க. அந்த ஊதாப் புள்ளியை மட்டும் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாங்க.